எதிர்ப்பக்கம் சுற்றிய சக்கரம்

பட்டறைச் சுவரோரம் நீட்டிக்கொண்டிருந்த அந்த மரக் கைப்பிடி, வருகிறவர்கள் பையை மாட்டுவதற்காகவே இருக்கிறது என்று ஓட்டைவாய் நம்பினான். நம்பி மாட்டினான். பையின் கனத்துக்குப் பணிந்து கைப்பிடி ஒரு பக்கமாக நகர்ந்தது. தலைக்கு மேலே தோல் பெல்ட் ஒன்று ‘சரக்’கென்று இடம் மாறியது. அதுவரை கட்டையாகக் கிடந்த லேத் மிஷின் விழித்துக்கொண்டது.

“ஐயோ” என்பதில் ‘ஐ’ வந்திருக்கும். ‘யோ’ வருவதற்குள் மிஷினின் மூக்கில் திருகியிருந்த சக், மரை கழன்று கீழே விழுந்தது. கடைய வேண்டிய இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வட்டம் அது. பூசணிக்காய் அளவுதான், ஆனால் பூசணிக்காயை யாரும் வார்ப்பிரும்பில் செய்வதில்லை. தரையில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, போவதற்கு எத்தனையோ திசை இருக்க, ஓட்டைவாய் நின்ற திசையையே தேர்ந்தெடுத்து உருண்டு வந்தது.

அவன் ஓடினான். சக்கும் வளைந்து பின்னாலேயே வந்தது. எதிரே இருந்த மேஜைமேல் ஒரே தாவு. அதன்மேல் உட்கார்ந்து தோல் பெல்ட்டைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் மடியில் போய் விழுந்தான். கீழே ‘ணங்’ என்று ஒரு சத்தம். சுவரில் செங்கல் ஒன்று பொடியாகி உதிர்ந்தது.

“தம்பி, ஊசி குத்திச்சா?” என்றார் தையல்காரர்.

“குத்திச்சு.”

“அப்ப உசிரு இருக்கு. இறங்குங்க.”

ஓட்டைவாய் இறங்கவில்லை. “சித்தி! நான் செத்திருப்பேனா?”

சித்தி வாசல் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சைக் கேட்டே வேலைக்காலத்தை ஓட்டியவள். ஓய்வுக்குப் பிறகு அந்தக் காதைச் சும்மா வைக்க மனமில்லாமல் துப்பறிய ஆரம்பித்தாள். உதவிக்கு அக்கா மகனைச் சேர்த்துக்கொண்டாள். வாயில் எதுவும் தங்காதவனை ஏன் சேர்த்தாள் என்பது மட்டும் அவள் இன்னும் துப்பறியாத விஷயம்.

“உன் பை எங்கடா?” என்றாள். இவன் கேட்டது அவளுக்குக் கேட்கவே இல்லை போலும்.

பட்டறையின் சொந்தக்காரர்களில் ஒருவரான பல் டாக்டர் ஓடி வந்து கைப்பிடியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். லேத் நின்றது. மேலே ஷாஃப்ட் மட்டும் நிற்கவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கூரைக்கடியில் ஓடிய நீளமான இரும்புத் தண்டு அது. அடுத்த அறையில் இருக்கும் நீராவி எஞ்சின் அதைச் சுற்றும். அதிலிருந்து இறங்கிய தோல் பெல்ட்டுகள் கீழே இருக்கும் மிஷின்களைச் சுற்றும். அந்தப் பெல்ட்டுகள் எல்லாம் இப்போது ‘டப் டப்’ என்று காற்றை அறைந்தபடி, அடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தன.

“மேல பாருங்க தம்பி,” என்றார் டாக்டர். அந்தப் பதற்றத்திலும் மிஷினைப் பற்றிப் பேசாமல் அவரால் இருக்க முடியவில்லை. “ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட் ஓடற புல்லிச் சக்கரம் ரெண்டு. ஒண்ணு டைட்டு, ஒண்ணு லூசு. பெல்ட் லூசுல இருந்தா மிஷின் சும்மா இருக்கும். கைப்பிடியைத் தள்ளினா டைட்டுக்குப் போயிடும், மிஷின் ஓடும். லூசுல இருந்ததை யாரு தள்ளினது?”

“இன்னொரு லூசு,” என்றாள் சித்தி.

தையல்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. உருண்டு போன இரும்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்க அடுத்தவர் பயத்தைப் பார்த்தே பிழைக்கிற மனிதருக்குச் சொந்தமாகப் பயப்படத் தெரியவில்லை. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

“மேடம், அது கழலக் கூடாது. மிஷின் சரியான பக்கம் சுத்தினா சக் இன்னும் இறுகத்தான் செய்யும். எதிர்ப்பக்கம் சுத்தினாத்தான் மரை கழலும். ஞாயித்துக்கிழமை இந்த லேத்தை முதல்ல ஓட்டறது நான். குனிஞ்சு, மூஞ்சியை அதுக்கு நேரா வச்சுக்கிட்டு...” மிச்சத்தை விழுங்கினார்.

டெலிபோனில் டாக்டர் கூப்பிட்டபோது விஷயம் இத்தனை பயங்கரமாக இல்லை. ஒரு பல் டாக்டர், ஒரு தையல்காரர், ஒரு பேக்கரிக்காரர். மூவரும் காசைப் போட்டு ஒரு பாழடைந்த பட்டறையை வாங்கி, நீராவியில் ஓட வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள். தங்களுக்கு ‘ஆவி சங்கம்’ என்று பெயர் வேறு வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளாக அங்கே ஒரு மர்மம். பூட்டின பட்டறைக்குள் யாரோ வருகிறார்கள். வந்து எதையும் திருடுவதில்லை. பித்தளைச் சாமான்களைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போகிறார்கள்.

“துடைச்சுட்டுப் போற திருடனா? எங்க வீட்டுக்கு அனுப்புங்க சார்,” என்று டெலிபோனிலேயே ஜோக் அடித்தவன் ஓட்டைவாய். ஆவி சங்கத்தில் ஆவி நடமாட்டம் என்று பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. இப்போது பெல்ட்டுகளின் நிழல் சுவரில் துள்ளுவதைப் பார்க்கையில் அந்த ஜோக் அவ்வளவு நன்றாக இல்லை.

“டாக்டர்,” என்றாள் சித்தி, “லேத்தை எதிர்ப்பக்கம் சுத்த வைக்கணும்னா என்ன செய்யணும்?”

“பெல்ட்டைக் கழட்டி, எட்டு மாதிரி முறுக்கி மாட்டணும்.” சொன்ன பிறகுதான் டாக்டருக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பினார். “இங்க பெல்ட் மாட்டறது ஒரே ஆள்தான்.”

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் மடியில் இன்னும் பாதி உட்கார்ந்திருந்த ஓட்டைவாய், கொலைகாரன் மடி என்று தெரிந்ததும் நெருப்பை மிதித்தவன் போலத் துள்ளி இறங்கினான்.

“என்ன டாக்டர், என் கையால தச்ச சட்டையைப் போட்டுக்கிட்டே என்னைச் சந்தேகப்படறீங்க?”

“சட்டை டைட்டா இருக்குன்னு போன வாரம் நான் சொன்னேனே, அந்தக் கோவமோ என்னவோ!”

“சட்டை சரியாத்தான் இருக்கு. வயிறுதான் வளர்ந்துபோச்சு!”

“சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்,” என்றாள் சித்தி. “டேய், மேல பாரு. லேத்துக்குப் போற பெல்ட் எட்டு மாதிரி இருக்கா?”

ஓட்டைவாய் ஒரு கண்ணால் பார்த்தான். இரண்டு கண்ணாலும் பார்க்கத் தைரியம் இல்லை. “இல்ல சித்தி. முட்டையை நீளமா இழுத்த மாதிரி இருக்கு.”

“முறுக்கே இல்லை. அப்ப பெல்ட் மேல தப்பில்லை, பெல்ட் தச்சவர் மேலயும் தப்பில்லை. ஷாஃப்டே எதிர்ப்பக்கம் சுத்துது.”

டாக்டரும் தையல்காரரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். வாரா வாரம் பார்க்கிற ஷாஃப்ட். வேகமாகச் சுற்றும் வழுவழுப்பான தண்டு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன, பார்வைக்கு ஒரே மாதிரிதான். கட்டிய மனைவி மூக்குத்தியை இடம் மாற்றினாலும் கவனிக்காத கணவர்களைப் போல விழித்தார்கள்.

“எஞ்சின்,” என்றார் டாக்டர். “எஞ்சின்ல இருக்கறது நம்ம பேக்கரி அண்ணன். அவர் தப்பாக் கிளப்பவே மாட்டாரே.”

“இன்னிக்கு அவரைப் பாத்தீங்களா?”

இருவரும் யோசித்தார்கள். யாரும் பார்க்கவில்லை. வரும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“சித்தி, அவருக்கு என்ன ஆச்சு?” என்றான் ஓட்டைவாய்.

“கதவைத் திற,” என்றாள் சித்தி.

எஞ்சின் அறைக்குள் அனல் முகத்தில் அறைந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு சக்கரம், பாதி உடம்பைத் தரைக்குழிக்குள் புதைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘ஹுஸ்’ஸென்று ஒரு மூச்சு. அதற்கு நடுவே ‘டொக்... டொக்’ என்று ஒரு தட்டல். அதற்கு அப்பால் இரண்டு பாய்லர்கள், படுத்துக் கிடக்கும் யானைகள் மாதிரி. ஒன்றின் அடியில் நெருப்பு. இன்னொன்றின் அடியில் இருட்டு. ஆணியில் பேக்கரிக்காரரின் சட்டை தொங்கியது. ஆளைக் காணோம்.

“அண்ணே!” என்று கத்தினார் தையல்காரர். சக்கரம் ‘ஹுஸ்’ என்றது.

ஓட்டைவாய்தான் அந்தச் செருப்பை முதலில் பார்த்தான். நெருப்பில்லாத பாய்லருக்கு முன்னால், ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி விட்ட செருப்பு. நுனிகள் இரண்டும் பாய்லரைப் பார்த்திருந்தன. எதிரே இரும்புச் சுவர். செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புக்குள் நுழைந்து போகிறவர்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்த கதைகள் எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை.

“சித்தி, போயிடலாம்,” என்றான். “மனுஷன் பண்ற வேலையா இது?”

சித்தி அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, டாக்டரிடம் கேட்டாள். “இந்தச் சக்கரத்தை எப்படிக் கிளப்பறது?”

“வால்வைத் திறந்துட்டு, கையால ஒரு தள்ளு தள்ளணும். எந்தப் பக்கம் தள்ளறோமோ அந்தப் பக்கமே பிடிச்சுக்கும். அண்ணன் இதோ இங்க நின்னு, பேசிக்கிட்டே தள்ளுவார்.”

“பேசிக்கிட்டே தள்ளறவருக்குக் கை தப்பாது. தள்ளினது வேற ஆள். டேய், விரலை நீட்டு. கடிகாரம் சுத்தற மாதிரி காத்துல வட்டம் போடு.”

“இப்ப எதுக்கு விளையாட்டு?”

“போடு.”

போட்டான். வட்டம் கோழி முட்டையாக வந்தது. சித்தி அவனுக்கு எதிரே போய் நின்றாள்.

“உனக்குக் கடிகாரச் சுத்து. எதிர்ல நிக்கிற எனக்கு?”

அவன் யோசித்தான். “உங்களுக்கு... உல்டாவா.”

“அவ்வளவுதான். தள்ளின ஆளுக்கு இந்தச் சக்கரம் சுத்தற பக்கம் மனப்பாடம். ஆனா எதிர்ப்பக்கம் உக்காந்து மனப்பாடம் பண்ணின ஆள். இங்க வந்து நின்னு, அங்க பார்த்த மாதிரியே தள்ளியிருக்கார்.”

சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பார்வையாளர்களுக்கான பெஞ்சு. பெஞ்சின் ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அத்தனை நேரம் அவன் அங்கேதான் இருந்தான். மரச்சாமான் மாதிரி இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

“அது நம்ம பெஞ்சு,” என்றார் தையல்காரர். “அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணனோட மச்சினன். பஸ் கண்டக்டர். லீவு கிடைச்சா இங்கதான். எதையும் தொடாதே, கை வச்சா கெட்டுப் போயிடும்னு அண்ணன் சொல்லிட்டார். அதனால உக்காந்து பார்ப்பான். பல வருஷமா பார்க்கிறான்.”

சித்தி வேலியருகே போனாள். “தம்பி, உங்க மாமா எங்க?”

“தெரியாதுங்க. நான் இப்பத்தான் வந்தேன்.”

“எஞ்சினைக் கிளப்பினது?”

“மாமாதான். எப்பவும் அவர்தானே.”

“கையை ஏன் பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருக்கீங்க? இந்த அனல்ல குளிருதா?”

அவன் கையை எடுக்கவில்லை. பாக்கெட்டில் கத்தியா, துப்பாக்கியா? ஓட்டைவாய் சித்தியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். சித்தி ஒல்லி. இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தான்.

“தம்பி,” என்றாள் சித்தி, எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்காதவர்களிடம் பேசும் குரலில். “கையை எடுங்க.”

எடுத்தான். கத்தி இல்லை. எண்ணெயும் கரியும் பூசிய இரண்டு கைகள். நகக்கண்ணில் பித்தளை பாலிஷ். ஒரு பாக்கெட்டிலிருந்து மஞ்சள் துணி ஒன்று எட்டிப் பார்த்தது.

“துடைக்கற ஆவி!” என்று ஓட்டைவாயின் வாய், சொந்தக்காரனைக் கேட்காமல் சொன்னது.

அவன் உடைந்துவிட்டான். “எஞ்சினைத் தொட்டது இன்னிக்கு ஒரே ஒரு தடவைதாங்க. மத்த நாளெல்லாம் அக்கா வீட்ல இருக்கற பட்டறைச் சாவியை எடுத்து வந்து துடைச்சுட்டுத்தான் போவேன், வேற எதையும் தொட மாட்டேன். இன்னிக்கு வந்தா யாருமே இல்லை. நெருப்பு எரியுது, அழுத்தம் ஏறி நிக்குது. ஒரே ஒரு தள்ளு தள்ளினேன். அது கிளம்பினதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் பாத்தா உள்ள ‘டொக் டொக்’ன்னு தட்டுது. நான் கை வச்சேன், கெட்டுப் போச்சு. மாமா சொன்னது சரிதாங்க. எஞ்சினைக் கெடுத்துட்டேன்.”

“எதிர்ப்பக்கம் ஓடினா கொஞ்சம் தட்டத்தான் செய்யும்,” என்றார் டாக்டர், இரக்கமா எரிச்சலா என்று தெரியாத குரலில்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். தலை சற்றுச் சாய்ந்தது. ஓட்டைவாய்க்கு அந்தச் சாய்வு தெரியும். நூறு குரல்களுக்கு நடுவே ஒரு குரலை அவள் தேடுகிறாள்.

“தட்டல் சக்கரம் சுத்தற தாளத்தோட சேரலை,” என்றாள். “டாக்டர், நிறுத்துங்க.”

டாக்டர் வால்வைச் சுற்றினார். சக்கரம் தயங்கியது, இன்னும் ஒரு சுற்று, இன்னும் பாதி. ‘ஹுஸ்’ என்று கடைசி மூச்சு விட்டு நின்றது. அடுத்த அறையில் ஷாஃப்டும் பெல்ட்டுகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதி காதை அடைத்தது.

டொக்.

எஞ்சின் நின்றுவிட்டது. தட்டல் நிற்கவில்லை.

டொக்... டொக்.

நெருப்பில்லாத பாய்லருக்குள்ளிருந்து வந்தது.

தையல்காரர்தான் முதலில் அலறினார். “அண்ணன் உள்ள இருக்கார்! அழுத்தம் ஏறட்டும்னு ஒரு பாய்லரை மூட்டிட்டு, அந்த நேரத்துல இன்னொண்ணுக்குள்ள புகுந்து உப்புப் படிவைச் சுரண்டுவார். கதவைத் திறந்துதானே வச்சிருப்பார்!”

எல்லோரும் பாய்லரின் கீழே இருந்த அந்தச் சின்ன வட்டக் கதவைப் பார்த்தார்கள். மூடியிருந்தது. அதன் போல்ட் இறுக முடுக்கியிருந்தது. சுற்றிலும் இருந்த பித்தளை பளபளவென்று மின்னியது.

“திறந்து கிடந்துச்சு,” என்றான் பெஞ்சு. உதடு மட்டும்தான் அசைந்தது. “எஞ்சின் சத்தத்துல உள்ள ஆள் இருக்கறது தெரியலை. உள்ள தூசி போயிடுமேன்னு... நான்தான் மூடினேன். நல்லா முடுக்கினேன்.”

“அடப்பாவி!” டாக்டர் இரும்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இரும்பு வியர்த்திருந்தது. “ரெண்டு பாய்லருக்கும் நடுவுல இருக்கிற வால்வு கசியும். கதவு திறந்திருந்தா ஆவி வெளிய போயிடும். மூடியிருந்தா உள்ளயே நிக்கும். இப்ப எஞ்சினையும் நிறுத்தியாச்சு, அங்க அழுத்தம் ஏறினா இங்க கசிவும் ஏறும். ஸ்பேனர்! ஸ்பேனர் எங்க?”

பெஞ்சு வேலியைத் தாண்டிக் குதித்தான். ஸ்பேனர் அவன் இடுப்பில்தான் இருந்தது. போல்ட்டில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தான். நகரவில்லை. தையல்காரரும் சேர்ந்து பிடித்தார். நகரவில்லை. உள்ளே தட்டல் தளர்ந்தது. டொக். நீண்ட இடைவெளி. டொக்.

ஓட்டைவாய் பெஞ்சின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தில் எல்லாம் மெதுவாக நடப்பது போலத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததால்தான் பார்த்தான்.

“யோவ்! இறுக்கறே நீ! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!”

அவனே பாய்ந்து ஸ்பேனரைப் பிடித்து மறுபக்கம் தொங்கினான். பெஞ்சும் தொங்கினான். போல்ட் ‘கிறீச்’சென்று அழுது ஒரு நூல் நகர்ந்தது. அதன் பிறகு சுற்ற ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத் தட்டல் நின்றுவிட்டது.

கடைசி மரை கழன்று கதவு திறந்தது. வெள்ளை ஆவி ‘புஸ்’ஸென்று முகத்துக்கு வந்தது, எல்லோரும் பின்னால் விழுந்தார்கள். ஆவி மேலே போய்க் கூரையில் தட்டிக் கலைந்தது. வட்டமான இருட்டு ஒன்று மிஞ்சியது. அதற்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

டாக்டர் தலையை நுழைத்துப் பார்த்தார். தோளே நுழையவில்லை. தையல்காரருக்கு முழங்கால் மடங்காது. பெஞ்சு தரையில் உட்கார்ந்து, கருத்த கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு, “மாமா, மாமா” என்று முனகிக்கொண்டிருந்தான். இனி அவன் அக்கா முகத்தில் எப்படி விழிப்பான் என்று ஓட்டைவாய்க்கு ஏனோ அந்த நேரத்தில் தோன்றியது. இப்போது சித்தி தன்னைத்தான் பார்ப்பாள் என்று தெரிந்து நிமிர்ந்தான். அவள் தன்னைத்தான் பார்த்தாள்.

“சித்தி, உள்ள போனா நான் திரும்பி வருவேனா?”

“காலை நான் பிடிச்சுக்கறேன்,” என்றாள் சித்தி.

அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை. மண்டியிட்டான். கதவின் விளிம்பு சட்டையைத் தாண்டிச் சுட்டது. தலையை விட்டான், தோளை விட்டான். உள்ளே வெந்நீர்ப் பானையைத் திறந்து முகத்தை வைத்தது போல மூச்சு முட்டியது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. கணுக்காலைச் சித்தியின் விரல்கள் பிடித்திருந்தன.

கையை நீட்டித் துழாவினான். ஈர இரும்பு. உதிர்ந்த உப்புப் படிவு. ஒரு சுத்தியல், யாரும் பிடிக்காத சுத்தியல். அதற்கு அப்பால் கை எட்டவில்லை.

“சார்,” என்றான். இரும்பு அவன் குரலை வாங்கி யாருடைய குரலாகவோ திருப்பித் தந்தது. “சார், நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உயிரோட இருக்கீங்களா?”

ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் எங்கோ விழுந்தது. கணுக்காலில் பிடி இறுகியது.

“உயிரோட இருக்கீங்களா சார்?”

இருட்டின் கோடியில் யாரோ இருமினார்கள்.

“இருக்கேன். கையைக் குடு.”